ஒரு கேசட், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம்

நம் வயசுக்காரர்கள் யாரும் இதை மறந்திருக்க மாட்டீர்கள். மஞ்சள் கேசட்டைப் பெட்டியிலிருந்து உருவி, அதன் அடிவாயில் ‘ஃபூ’ என்று ஓர் ஊது ஊதி, பாவாடையில் ரெண்டு தேய் தேய்த்து, மறுபடி செருகுவோமே. அதற்குப் பிறகுதான் டிவியில் படம் வரும். ஊதினால் ஏன் வந்தது என்று நமக்குத் தெரியாது. இருந்தும் ஒரு நாள்கூட ஊதாமல் செருகியதில்லை. அந்த வயதில் நம்பியதற்கெல்லாம் நாம் காரணமா கேட்டுக்கொண்டிருந்தோம்?

டிவி கேம் என்றால் உங்களுக்கு லீவும் சண்டையும் சிரிப்பும் ஞாபகத்துக்கு வரும். எனக்குப் பயம்தான் வரும். நாற்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, மாடிப்படி ஏறினால் முட்டி கடகடக்கிற இந்த வயதிலும், எங்காவது அந்தப் பழைய ‘டிங் டிங்’ சத்தம் கேட்டால் கை தானாக முந்தானையைப் பிடித்துக்கொள்கிறது. நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிட்டால், மிச்சத்தைச் சொல்வது சுலபம்.

அப்போது எனக்குப் பத்து வயது. ராஜபாளையத்தில் இருந்தோம். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டு, “இப்பிடியே தெருவுல நடந்து வந்தீகளாக்கும், கெழவன்னு நெனச்சிருப்பாக” என்று கேலி செய்வாள். முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்ட வாரம். ஏழு மாத வயிற்றோடு அடுப்படியில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். சேலையின் பின்பக்கம் நனைந்து சிவப்பாக இருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் என் தலையைத் தடவி “ஏடவகு, ஏடவகு” என்றாள். அழாதே என்று சொல்கிறாள். நான் அழவே இல்லை. வாய்தான் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நறுக்கின மாங்காயின் புளிப்பு வாசனை வீடெல்லாம் இருந்தது. இன்றைக்கும் நான் மாங்காய் நறுக்குவதில்லை, மகள்தான் நறுக்குவாள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். கட்டிலின் கால்பக்கத்துக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். எழுந்திருக்கவே கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “நாப்பது நாள் தாண்டிட்டா ரெண்டு உசுரும் நமக்குன்னு டாக்டரம்மா சொல்லுதாக.” தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மறுநாளே என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் அத்தை வீட்டில் விட்டார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். வீடு மடவார் வளாகத்தில், கோயிலுக்குப் பக்கத்தில். அடுத்த வீட்டில் பால்கோவா கிண்டுவார்கள், விடிந்ததிலிருந்து பால் வற்றுகிற வாசனை வந்துகொண்டே இருக்கும். தெருவுக்கே ஒரு போன் அந்த வீட்டில்தான் இருந்தது. மாமா தெருமுனையில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் சட்டையில் எப்போதும் ஈயம் பற்றவைக்கிற புகைநாற்றம் இருக்கும். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால் வீட்டில் எனக்கு விளையாட்டுச் சாமான் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, மாமா கடையிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தார்.

“எவனோ ரிப்பேருக்குக் குடுத்தது. ரெண்டு வருசமா ஆளக் காணும். இனி இது ஒனக்குத்தான் புள்ள” என்றார்.

கேசட்டின் மேல் ஒரு விமானமும், ஒரு பூதமும், ஈட்டி பிடித்த ஒரு ஆளும். கீழே பெரிய எண்ணில் 999.

“தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது ஆட்டம். கல்யாணம் கட்டிப் போற வரைக்கும் ஆடலாம், என்ன?” என்று கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலைப் பார்த்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

முதல் ரெண்டு நாள் எல்லாரும் ஆடுகிற மாதிரிதான் ஆடினேன். பழம் பொறுக்குகிற ஆட்டம், சுரங்கம் தோண்டுகிற ஆட்டம், மீன் பிடிக்கிற ஆட்டம். திரையில் இருப்பதில் பாதியைப் பொறுக்கிவிட்டு, போதும் என்று அடுத்ததுக்குப் போய்விடுவேன். எனக்கும் கொஞ்ச நேரம் செங்கல் வைத்த கட்டில் மறந்துபோகும்.

அந்த வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் அத்தை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைப்பேறு நல்லபடியாக ஆகவேண்டும் என்று வேண்டிக்கொள்ள அந்தக் கோயிலுக்கு எங்கெங்கிருந்தோ வருவார்கள். அம்மாவுக்காக அத்தை நூற்றெட்டுச் சுற்று நேர்ந்திருந்தாள். வீட்டிலேயே நூற்றெட்டுப் புளியங்கொட்டையை எண்ணி மடியில் கட்டிக்கொண்டாள். சன்னதியை ஒரு முறை சுற்றி வந்தால் ஒரு கொட்டையைத் தூணடியில் போடுவாள். மடி காலியானால் கணக்கு முடிந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த கல்தரை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. நான் தூணோரம் உட்கார்ந்து குவியல் பெருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மடி காலியானதும் அத்தை உட்கார்ந்து குவியலை எண்ணினாள். நூற்றியேழு. இன்னொரு தடவை எண்ணினாள். அதே நூற்றியேழு. மடியை உதறினாள், தரையைத் தடவினாள், என் பாவாடையைக்கூட உதறச் சொன்னாள். ஒரு கொட்டையைக் காணோம். அத்தைக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. எல்லாவற்றையும் அள்ளினாள். வாசலில் இருந்த புளியமரத்தடியில் போய் ஒரு கொட்டை தேடி எடுத்துவந்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கப்போனாள்.

“ஒண்ணுதான அத்த கொறையுது? இன்னும் ஒரு சுத்து சுத்தினாப் போதாதா?”

“எந்த எடத்துல விட்டுச்சுன்னு தெரியாம மேல ஒண்ண ஒட்டவச்சாச் சரியாப் போயிருமா?” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். “எனக்கு அப்பிடித்தான் போச்சு. கல்யாணமான புதுசு. இதே கோயிலுதான், இதே நூத்தியெட்டுதான். வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு கொட்ட மடிப்புல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். இன்னிக்கி வரைக்கும் என் வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா?”

அவளுக்கு அவள் துக்கம். என்னிடம் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை, வாய்விட்டு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பத்து வயசுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, அதன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அவள் இரண்டாவது நூற்றெட்டை முடிக்கும் வரை நான் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு கொட்டையையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நான் ஏழாவது ஆட்டத்தில் இருந்தேன். ஒரு குருவி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூட்டில் வைக்கவேண்டும். பத்து முட்டை. எட்டு வைத்தேன். வெயில், தூக்கம் வேறு, கண்ணைச் சுழற்றியது. ரெண்டு முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை அணைத்துப் படுத்துவிட்டேன். சாயங்காலம் பால்கோவா வீட்டுப் பிள்ளை ஓடிவந்து போன் வந்திருக்கிறது என்றது. அத்தை போய்விட்டு வந்தாள். வரும்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

“மறுபடியும் ரத்தம் போகுதாம்” என்று மாமாவிடம் சொன்னாள்.

அம்மா, பாப்பா, ரெண்டு பேர். நான் கூட்டில் வைக்காமல் விட்டது ரெண்டு முட்டை.

சிரிக்காதீர்கள். இப்போது சொல்லும்போது எனக்கே கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அத்தை ஒன்றை விட்டாள், பிள்ளை இல்லை. நான் ரெண்டை விட்டேன், ரத்தம் வந்தது. இனி எதையும் விடக்கூடாது. கேசட்டில் இருக்கிற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டத்திலும் முதல் கட்டத்தில் ஒரு பழம், ஒரு மீன், ஒரு முட்டை பாக்கியில்லாமல் முடிக்கவேண்டும். முடித்தால் அம்மா வீட்டுக்கு வருவாள். யாரிடமும் சொல்லவும் கூடாது. சொன்னால் பலிக்காது என்று அதையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டேன். நாற்பது நாளில் பத்து நாள் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சம் முப்பது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை முப்பதால் வகுத்தேன். ஒரு நாளைக்கு முப்பத்துமூன்று, மேலே ஒன்பது மிச்சம். பள்ளிக்கூடத்தில் வகுத்தல் எனக்கு வராது. அன்றைக்கு மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே விடை வந்தது. நான் ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோதான் முடித்துக்கொண்டிருந்தேன். பென்சில் வழுக்கும் அளவுக்கு உள்ளங்கை வேர்த்தது.

அதற்குப் பிறகு லீவு எங்கே போயிற்று என்று தெரியாது. விடிந்ததும் பல் விளக்கியும் விளக்காமலும் உட்காருவேன். சோற்றைத் தட்டோடு பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் ஒரு வாய். கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்தது. மூத்திரத்தை அடக்கி அடக்கி அடிவயிறு வலிக்கும். கோடைகாலம், கரண்டு போய்ப்போய் வரும். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்டு போனால் பாதியில் இருக்கிற ஆட்டம் போனதுதான், முதலிலிருந்து ஆடவேண்டும். ஒரு நாள் கடைசி மீனைப் பிடிக்கப்போகும்போது டிவி படக்கென்று இருண்டது. நான் அங்கேயே தட்டில் இருந்த சோற்றின் மேல் வாந்தி எடுத்தேன். அத்தை “வெயிலு ஒத்துக்கிடல” என்று சீரகத்தண்ணி கொடுத்தாள்.

பதிமூன்றாவது ஆட்டத்தைத் திறந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பேர் வேறு, ஆனால் அதே பழம் பொறுக்குகிற ஆட்டம். பதினாலாவதைத் திறந்தேன், அதே சுரங்கம். எங்கள் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் ரெண்டு பேர் இருந்தார்கள், முகம் ஒன்றேதான். டீச்சர் அதற்காக ஒருத்தி பேரை மட்டும் கூப்பிட்டுவிட்டு ரிஜிஸ்டரை மூடமாட்டார்கள். ரெண்டு பேரும் தனித்தனியாக உள்ளேன் சொல்லவேண்டும். அதனால் பதிமூன்றையும் ஆடினேன். பதினாலையும் ஆடினேன். ஒரு வாரம் போனதும் கை பழகிவிட்டது, ஒரு நாளைக்கு இருபதுகூட முடித்தேன். இருபதும் போதாது என்பதுதான் பயம்.

அத்தை வாசலில் காய்கறிக்காரியிடம் சொல்வது காதில் விழும். “என்னத்தச் சொல்ல? பெத்தவ அங்க உசுருக்கு ஊசலாடுதா. இது இங்கன டொக்கு டொக்குன்னு அமுக்கிக்கிட்டுக் கெடக்கு. அம்மா எப்பிடி இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல. எம்புட்டுக் கல்நெஞ்சு பாருங்க.”

நான் கேட்கவில்லைதான். கேட்கும் நேரத்தில் ஓர் ஆட்டம் முடிக்கலாம்.

மாமாவுக்கோ பெருமை. “நம்ம புள்ளைக்கு மெக்கானிக்கு மூள. ஒருநா கடையையே ஒப்படைச்சிரலாம்” என்பார். அத்தைக்கு நான் கல்நெஞ்சுக்காரி, மாமாவுக்குக் கெட்டிக்காரி. ரெண்டு பேருமே பாசமானவர்கள்தான். ஆனால் ஒரு பிள்ளை பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை. நான் ஆடும்போது சிரிக்கிறேனா என்று ஒருவராவது என் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

அம்மா படுத்து முப்பத்திரண்டாவது நாள், காலை பதினோரு மணி இருக்கும். நான் முந்நூற்று ஐம்பத்தொன்றாவது ஆட்டத்தில் இருந்தேன். மீன் ஆட்டம். வாசலில் பைக் நின்றது. அப்பா யாரோ சிநேகிதரின் பைக்கை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மில் சட்டையோடு, புருவத்தில் பஞ்சோடு வந்தார். துடைத்துவிட ஆள் இல்லை.

“ஏட்டி, கெளம்பு. அம்மாவ மதுரைக்குக் கொண்டு போகணும்னு சொல்லிட்டாக. ஆப்பரேசனாம். போறதுக்கு முன்ன ஒன்னப் பாக்கணும்னு ஒரே புடியா நிக்கா. வண்டி காத்துக்கிட்டு இருக்கு.”

திரையில் ஒரே ஒரு மீன் பாக்கி.

“செத்த நேரம் இருங்கப்பா. ஒண்ணே ஒண்ணு.”

அப்பா நின்றார். நிலைக்கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் அவசரத்தில் அழுத்தினேன், தூண்டில் தவறிப் பாறையில் பட்டது, ஆள் செத்தான். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது. இருபது மீனும் மறுபடி தண்ணீருக்குள் நீந்தின.

“வா தாயி.”

“வரலப்பா.”

“என்னது?”

“நான் வரல. நீங்க போங்க!”

அப்பா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நான் மறு கையால் டிவி மேசையின் காலைக் கட்டிக்கொண்டேன். மேசை நகர்ந்து டிவி ஆடியது. “வயர் புடுங்கிரும், வயர் புடுங்கிரும்” என்று நான் அலறியது தெருவுக்கே கேட்டிருக்கும். இப்போது விட்டுவிட்டுப் போனால் மதுரைக்குப் போகிற வழியிலேயே அம்மா செத்துப்போவாள். எனக்கு அது அவ்வளவு உறுதியாகத் தெரியும். அம்மா வேண்டும் என்றுதான் நான் அந்த மேசைக்காலை விடவில்லை. அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால்தான் பலிக்காதே.

அப்பா கையை விட்டுவிட்டார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்கு மறந்திருப்பேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டில் நுழைந்த யாரோ ஒரு பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு அத்தையைப் பார்த்து, “நீ வா அக்கா” என்றார். அடித்தது அத்தைதான். செருப்பை மாட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்து என் முதுகில் பளீரென்று ஒன்று வைத்தாள். “மூதி! நீயெல்லாம் ஒரு பொம்பளப் புள்ளையா?” என்றாள். பைக் போகிற சத்தம் தேரடிப் பக்கமாகக் கேட்டுக் குறைந்தது. நான் இருபது மீனையும் பிடித்தேன். நோட்டில் 351-க்கு எதிரே டிக் போட்டேன். அப்புறம்தான் அழுதேன்.

அன்றைக்கு முழுக்கவும் மறுநாளும் நான் எழுந்திருக்கவில்லை. மாமா கடையைத் திறக்காமல் வீட்டிலேயே இருந்தார். அவருக்கு உப்புமா தவிர எதுவும் செய்யத் தெரியாது. மூன்று வேளையும் உப்புமா. அடுத்த வீட்டுப் போன் மணி அடிக்கும்போதெல்லாம் காது அங்கே போய்விடும், கை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும். முந்நூற்று எழுபத்தொன்பதாவது ஆட்டத்தில் இருக்கும்போது மாமா வாசலிலிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

“ஏ புள்ள! தம்பிப் பாப்பா புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காகளாம்!”

நான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? குருவியை நடுவானத்தில் நிறுத்திவிட்டு, “மாமா, இன்னும் அறுநூத்திச் சொச்சம் பாக்கி இருக்கே” என்றேன். கணக்கு நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கட்டைவிரலை அப்போதுதான் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். கட்டம் கட்டமாக டிக். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

“கிறுக்குப் புள்ள, இதுல மொத்தமே பன்னெண்டு ஆட்டந்தான். அம்புட்டுதான். பேர மாத்தி மாத்திப் போட்டு ஏமாத்தி விக்கான். அன்னைக்கே சொல்லியிருப்பேன். சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேம்மா.”

பன்னிரண்டு. பன்னிரண்டை நான் இரண்டாவது வாரத்திலேயே முடித்துவிட்டேன். அப்படியானால் எதுவும் பாக்கி இல்லை. அப்படியானால் பலித்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்த நிம்மதி, பிறகு என் கல்யாணத்தில்கூடக் கிடைக்கவில்லை. மாமா மடியில் தலை வைத்து அப்படியே தூங்கிப்போனேன். இன்னொன்று எனக்கு உறைக்க ரெண்டு மூன்று வருஷமாயிற்று. அப்பா நிலைக்கதவில் கை வைத்து நின்ற அன்றைக்கு எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. நான் எழுந்து போயிருக்கலாம்.

எல்லாம் நல்லபடியாக நடந்ததுதான் எனக்குக் கேடாகப் போயிற்று. நடக்காமல் போயிருந்தால், இதெல்லாம் சும்மா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். பலித்துவிட்டதே! அன்றிலிருந்து எதையும் பாதியில் விட எனக்குத் தைரியம் இல்லை. கேஸ் திருகியை மூன்று முறை தொடவேண்டும், பூட்டை ஐந்து முறை இழுக்கவேண்டும். இப்போது போனில் ஒரு ஆட்டம் ஆடுகிறேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நட்சத்திரம். என்னிடம் ஒரு கட்டத்தில்கூட ரெண்டு நட்சத்திரம் கிடையாது. மகள் கேட்பாள், “ஏம்மா, முழுசா முடிச்சா என்னம்மா குடுப்பாங்க?” ஒன்றும் கொடுக்கமாட்டார்கள். இருப்பதை எடுக்காமல் இருந்தால் போதும் என்றுதான் ஆடுகிறேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

அப்பா அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமலே போய்விட்டார். அம்மாவோ பேசாத நாளில்லை. சடங்கு வீடு, கல்யாண வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும், “நான் சாகக் கெடந்தேன், இவ கேம் ஆடிக்கிட்டு வரமாட்டேன்னுட்டா” என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் தம்பி போன் செய்தான். நான் இப்போது வாழ்க்கைப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில், அவன் அம்மாவோடு ராஜபாளையத்தில்.

“அக்கா, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. ஒடனே வா.”

போன் வந்தபோது நான் ஒரு கட்டத்தில் மூன்றாவது நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். பெரிய காரியம் என்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் முன்கம்பியைப் பிடித்த கையை ராஜபாளையம் வரை எடுக்கவில்லை. ஒன்றை விட்டுவிட்டாய், ஒன்றை விட்டுவிட்டாய் என்று மனசு அரற்றிக்கொண்டே வந்தது.

அம்மா மூக்கில் குழாயோடு தலையணையில் சாய்ந்திருந்தாள். ரெண்டு நாளில் கொஞ்சம் தேறினாள். தேறியதும் நர்ஸ் பிள்ளையிடம் பழைய கதையை எடுத்துவிட்டாள். “இவ இருக்காளே, நான் சாகக் கெடந்தப்ப...” நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். மத்தியானம். தம்பி சாப்பிடப் போயிருந்தான். நான் அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புளியங்கொட்டை, ரெண்டு முட்டை, கணக்கு நோட்டு, ஒரு மீன், எல்லாவற்றையும். முப்பது வருஷத்துக் கதை, ஆறு விரல் நகத்துக்குள் முடிந்துவிட்டது.

அம்மா அந்தக் குழாயோடு மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

“அடி கிறுக்கி. அன்னைக்கு எதுக்கு ஒன்னக் கூப்புட்டு விட்டேன்னு நெனச்ச? பொழைக்கமாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்ன ஒருவாட்டி பாத்துட்டா, பொறவு நிம்மதியாக் கண்ண மூடிரலாம்னு இருந்தேன். ஒங்கப்பா வந்து, அவ வரமாட்டேன்னுட்டான்னாரு. எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். சிறுக்கி, ஒன்னப் பாக்காமச் சாவேனான்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். மயக்க ஊசி போடுத வரைக்கும் ஒன்னத்தான் வஞ்சுக்கிட்டு இருந்தேன்.” கொஞ்சம் மூச்சு விட்டாள். “நீ வந்து பாத்திருந்தீன்னா, நான் போயிருப்பேன் தாயி.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சுருக்கம் விழுந்து, களைத்து, ஆனால் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. ஏனென்றால் இந்த முறை கூப்பிட்டதும் நான் வந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பேசவேண்டியதையும் பேசிவிட்டாள். எல்லாம் முடிந்துவிட்ட மாதிரி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசி நகத்துக்கு வந்திருந்தேன். நகவெட்டியை மடக்கிக் கைப்பைக்குள் போட்டேன்.

அம்மா கண்ணைத் திறந்து கையைத் தூக்கிப் பார்த்தாள். “ஏட்டி, சுண்டுவெரல விட்டுட்டியே?”

“நாளைக்கு வந்து வெட்டுதேன்மா.”

“ஒண்ணே ஒண்ணுதான, இப்பயே வெட்டிட்டுப் போயேன்.”

“இல்லம்மா. நாளைக்கு வாரேன். இருங்க.”

தினமும் போகிறேன். கஞ்சி கொடுக்கிறேன், தலை சீவிவிடுகிறேன். ஒன்பது விரல் நகத்தையும் வாரம் ஒரு தடவை வெட்டிவிடுகிறேன். அம்மா வைகிறாள். நர்ஸ் பிள்ளைகூட ஒரு நாள் கேட்டுவிட்டாள். அந்தச் சுண்டுவிரல் நகம் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது.